தேசப்பன் பிரதி

நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து, மிஞ்சக் கூடாது.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மாடி அறையில் உட்கார்ந்து
படங்களுக்கு அடிவரி எழுதுகிறேன்.

யாராவது அழுதால் [அழுகை].
சிரித்தால் [சிரிப்பு].
மற்றதெல்லாம் [இசை].
மூன்று வருடம் இப்படியே ஓடியது.
யாரும் கேட்டதில்லை,
கேட்காதவர்களுக்குத்தானே எழுதுகிறேன்.

கீழ்வீட்டுத் தேசப்பன் கேட்டார்.
காசிமேட்டில் விசைப்படகுக்கு வெல்டிங் வைப்பவர்.
பிறவியிலேயே காது கேளாது.
ஒரு ஞாயிறு, வஞ்சிரத் தலைக் குழம்பு கொதிக்கும்போது
என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து
நான் எழுதிய படத்தையே போட்டார்.

[மழை] என்று வந்தது.
அவர் கை பேசியது. மனைவி கஜலட்சுமி வாய்விட்டுச் சொன்னாள்:
"மழைதான் தெரியுதே, அத்த எதுக்கு எழுதின?
தகரத்துல பெய்யுதா, தார்ப்பாயில பெய்யுதா, அத்த சொல்லு."

[சோக இசை] என்று வந்தது.
"எத்தினி சோகம்?
கேரம்ல ரெட்டு போட்டு ஃபாலோ விட்ட சோகமா,
போட்டு போயி திரும்பாத சோகமா?"

துப்பாக்கிக்கு முன்பே [வெடிச் சத்தம்] வந்துவிட
அவர் மட்டும் முந்தித் துள்ளினார்.
பிறகு நாங்கள் துள்ளியதைப் பார்த்து
லேட்டு என்று விரலை ஆட்டினார்.

அப்புறம்தான் அந்த இடம்.
ஒரு பையன் தெருமுனையில் ஒருத்தியை மறித்து
"இன்னாமே, கண்டுக்காம போற?" என்கிறான்.
நான் எழுதியிருந்தேன்:
"என்ன, கவனிக்காமல் செல்கிறாய்?"

தேசப்பன் படத்தை நிறுத்தினார்.
எழுந்து போய்த் திரையில் அவன் உதட்டைத் தொட்டார்.
கீழே என் வரியைத் தொட்டார்.
"மே-க்கு உதடு ஒட்டுது.
உன் 'என்ன'வுல எங்க ஒட்டுது?
பொய் சொல்றது அவனா, நீயா?"

நாற்பத்தொரு வருடமாக
இந்தத் தெருவின் வாயைப் பார்த்தே தமிழ் படித்த மனிதர்.
எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது விதி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எல்லோரும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று காலைத் தரையில் அழுத்தி
ஜன்னலைக் காட்டினார். கூட்ஸ்.
காது கொடுத்த பிறகுதான் எனக்கும் கேட்டது.
தினமும் போவதால் எனக்கு அது
கேட்காமல் போய் வெகுநாளாகிறது.
படத்திலும் அந்தச் சண்டை முழுக்கப்
பின்னால் ஒரு ரயில் போகிறது.
எழுதவில்லை.

அன்றிரவு முதலிலிருந்து தொடங்கினேன்.
"ஒண்ணுமில்ல, போ" என்று அம்மாக்காரி சொல்லுமிடத்தில்
எழுத்தைச் சின்னதாக்கி
"போ"வை ஒரு விநாடி தள்ளிப் போட்டேன்.
அந்த விநாடியில்தான் தொண்டை அடைக்கிறது.
கத்துகிறவன் சொல்லை அவன் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்து
ஓரங்களை நடுங்கவிட்டேன்.
[தகரத்தில் மழை. எங்கோ ஓட்டை, சொட்டுகிறது]
[வயலின், ஒற்றைக் கம்பி, படகு திரும்பவில்லை]
[கூட்ஸ் ரயில், தூரத்தில், இன்னும் முடியவில்லை]
"இன்னாமே."

நிறுவனம் திருப்பி அனுப்பியது.
ஓட்டையை யார் கேட்டது?
எழுத்து ஏன் ஆடுகிறது?
முப்பத்தாறு, முப்பத்தாறு.
வாடகை இருக்கிறது. திருத்திக் கொடுத்தேன்.
[மழை]. [சோக இசை]. "என்ன".

மற்றதைத் 'தேசப்பன்' என்று பெயரிட்டு
பென் டிரைவில் போட்டுக் கீழே கொண்டுபோனேன்.

"போ" வரும் வரை அந்த ஒரு விநாடி
அவர் கரண்டி தட்டில் படவில்லை.
காது நன்றாகவே கேட்கும் கஜலட்சுமியும்
வரிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.
வயலின் வந்ததும் நிறுத்தினார்.

"கம்பிய நீ எழுது.
போட்டு திரும்புச்சா இல்லியான்னு
நான் பாத்துக்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து அழித்தேன்.
[வயலின், ஒற்றைக் கம்பி]

மழையையும் சுருக்கட்டுமா என்றேன்.
ஓட்டை இருக்கட்டும் என்றார்.